புல எண்ணைப் பார்த்தபின் முன்பணம்



திருமுடிவாக்கம் பக்கம் மனை பேசிய நம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், பத்திரத்துக்கு சர்வே நம்பரைப் போட்டா கம்ப்யூட்டர் எடுக்கல. கொஞ்சம் செலவு பண்ணினா திறந்துடும்னு தரகர் சொல்றார்" என்றார். உங்களில் பலருக்கும் இது வரலாம்.

பதிவுத்துறை மென்பொருளில் சில புல எண்களுக்கு வழிகாட்டி மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிப் பூட்டி வைத்திருப்பார்கள். அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் இவற்றை அனுமதியின்றிப் பதியக்கூடாது என்கிறது பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு. 2016 அக்டோபர் 20 முதல் அது நம் மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது. அதற்குமுன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரம் பெறாத மனைகளுக்கும் அதே பிரிவுதான் தடை.

தம்பியிடம் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. ஆனால் வில்லங்கம் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். நிலம் ஏரியா, ஓடையா என்று சொல்லாது. அதைச் சொல்வது அ-பதிவேடு. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பார்த்தோம், ஓடைப் புறம்போக்கு என்று இருந்தது. இப்போது முன்பணத்தைத் திரும்பக் கேட்டு அலைகிறார்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி வரதராஜபுரம், முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. நீர் போகும் வழியில் பூட்டு இருப்பது நல்லதுதான்.

எல்லாப் பூட்டும் சரி என்றும் சொல்ல மாட்டேன். பத்து உட்பிரிவில் ஒன்று கோயில் நிலமாக இருக்க, புல எண் முழுவதையும் பூட்டினால் மற்ற ஒன்பது பேரும் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் உட்பிரிவு பட்டா நிலம்தான் என்றால் தரகரிடம் போகாதீர்கள். பத்திரத்தை முறைப்படி தாக்கல் செய்யுங்கள். மறுத்தால் 71-ஆம் பிரிவின்படி காரணத்தை எழுத வேண்டும். கேட்டால் நகலை இலவசமாகத் தரவேண்டும். 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் 72-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம்.

அ-பதிவேடு, புலப்படம், பட்டா, மனை அங்கீகாரம் நான்கையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். வீடு வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.