வெளிச்சம் தொலையும் இடங்கள்

பழைய பிக்கப்பில் ஹெட்லைட் மங்கினால் முதல் பழி பல்பின் மேல்தான் விழுகிறது. புதுப் பல்பு மாட்டியதும் வெளிச்சம் கொஞ்சம் கூடியதுபோல் தோன்றும். ஒரு வாரத்தில் பழைய கதைதான். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் கோளாறு பெரும்பாலும் மின்சாரம் போய்த் திரும்பும் வழியில், அதிலும் ஏதாவது ஓர் இணைப்பில், ஒளிந்திருக்கும்.

நம் சாலைகளில் ஓடும் பழைய பிக்கப்களில் பெரும்பாலும் எச்4 பல்புதான். 1971இல் புழக்கத்துக்கு வந்த இந்த வகையில் ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55 வாட்ஸ். பின்னால் மூன்று கால்கள். இரண்டு கால்கள் இழைக்கு ஒன்றாக. மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான எர்த். ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிட்டால் சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் இந்தப் பொதுக் கால்.

எர்த் அறுந்தால் விளக்கு அணைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. இடது விளக்கின் எர்த் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரைட் போட்டதும் மின்சாரம் இடது பிரைட் இழைக்குள் நுழைகிறது; வெளியேற வழி இல்லை. பொதுக் காலைத் தொட்டு அதே பல்பின் டிம் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், டிம் வயரைப் பிடித்து, வலது பக்க டிம் இழையில் ஏறி அங்கே எர்த் ஆகிறது. 12 வோல்ட் மூன்று இழைகளுக்கும் பங்காகி, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4 வோல்ட்தான் கிடைக்கும். இடது பல்பில் இரண்டு இழைகளும் செக்கச் சிவந்து மினுங்கும். டிம் போட்டால் டாஷ்போர்டில் நீல விளக்கும் லேசாக எரியலாம். இந்தக் குழப்பத்தைப் பார்த்து சுவிட்சை மாற்றியவர்கள் உண்டு. பல்பின் எர்த் காலிலிருந்து ஒரு வயரை நேராக பேட்டரியின் நெகட்டிவில் தொட்டுப் பார்த்தால் போதும். பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில்தான்.

எர்த் வயர் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து மின்சாரத்தைத் தடுக்கும். கடலோர ஊர்களில் மீன் ஏற்றும் வண்டிகளில், ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீரால் இது சீக்கிரமே வரும். வயரின் பிளாஸ்டிக் உறை பார்வைக்கு நன்றாக இருக்க, உள்ளே செம்பு களிம்பேறிக் கறுத்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, தகடு பளபளக்கும்வரை தேய்த்து, கறுத்த வயரை வெட்டி எறிந்து புது லக் போட்டு, மேலே வாசலின் தடவி இறுக்குவதுதான் வைத்தியம். போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிடுவது வைத்தியம் ஆகாது.

இரண்டு விளக்கும் ஒன்றுபோல் மங்கினால் தேட வேண்டியது பாசிட்டிவ் பக்கம். இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், பல்பைக் கழற்றி அளந்தால் முழு 12 வோல்ட் காட்டும். பல்பு இழுக்கும் 5 ஆம்பியர் ஓடும்போதுதான் குறை தெரியும். ஆகவே விளக்கு எரிய எரிய அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை பல்பின் காலில். காட்டும் அளவு வழியில் தொலையும் வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எர்த் பக்கத்தில் 0.2க்கு மேல் போகக் கூடாது. ஒளி, வோல்ட்டைவிட வெகு வேகமாகச் சரியும்: வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 இருந்து பல்பில் 11.5 மட்டுமே வந்தால், பாதி வெளிச்சம் வழியிலேயே போய்விட்டது.

எங்கே என்று பியூஸ், சுவிட்ச், கப்ளர் எனப் படிப்படியாக அளந்து வந்தால் பிடிபடும். ரிலே இல்லாத வண்டியில் மொத்த மின்சாரமும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகவே போகிறது. 100/90 வாட்ஸ் பல்பு மாட்டிய வண்டியில் சுவிட்சின் பின்பக்கக் கப்ளர் பழுத்து உருகியிருப்பது சாதாரணம். அந்தப் பல்பை எடுத்துவிட்டு, பேட்டரி அருகே பியூஸ் போட்டு, தடித்த வயரில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே வைத்தால் 60/55 வாட்ஸே போதும் போதும் என்னும். டொயோட்டா உள்ளிட்ட ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் பொதுக் காலுக்கு பாசிட்டிவ் வரும், சுவிட்ச் எர்த்தைத்தான் மாற்றித் தரும். அது தெரியாமல் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தால் கணக்கு தலைகீழாகும்.

பியூஸ் அடிக்கடி போனால் வயர் எங்கோ தகட்டில் உரசுகிறது. ஏர் ஹாரனுக்கும் டாஷ்போர்டு சாமி படத்துக்கும் ஹெட்லைட் வயரைச் சுரண்டி முறுக்கி எடுத்த இணைப்புகளை முதலில் பார்ப்பது நல்லது. 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைச் செருகுவது, வயரையே பியூஸாக்கும் வேலை. பல்பு அடிக்கடி போனால் என்ஜினை முடுக்கி பேட்டரியை அளக்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி ரெகுலேட்டர். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் குமிழைக் கெடுக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் சாலை இருட்டாகத் தெரிந்தால் ரிஃப்ளெக்டரின் பூச்சு உரிந்திருக்கும். துடைத்தால் இன்னும் மோசமாகும். புதிதாக மாற்றுவதே வழி. மாற்றியபின் 10 மீட்டர் தள்ளிச் சுவரில் டிம் போட்டுப் பார்த்தால், ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் மட்டத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இதை வழக்கமான சுமையோடு பார்ப்பது அவசியம். பின்பக்கம் தாழ்ந்த பிக்கப்பின் டிம் லைட், எதிரே வருபவரின் கண்ணுக்குப் பிரைட்டேதான்.