கட்டிலும் காலடியும்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவரை நம்மவர் எவ்வாறு பேணுகின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. எழுந்தால் "படுங்கோ" என்பர்; செம்பில் தண்ணீர் மொண்டால் ஓடிவந்து வாங்கிக்கொள்வர். அன்பின் மிகுதியால் அவரைக் கட்டிலோடு கட்டிவைப்பர். நெல்லியடியிலுள்ள எங்கள் வீட்டிலும் கடந்த ஆண்டு இதுவே நிகழ்ந்தது. வைத்தியசாலையிலிருந்து மீண்ட அத்தான் ஒரு மாதம்வரை படலையைத் தாண்டவில்லை. தோட்டஞ்செய்து உரமேறிய கால்கள் மெலிந்தன. அவற்றினும் மெலிந்தது மனம். "தம்பி, இனி நான் வீட்டுக்கு ஒரு பாரந்தானே?" என்று அவர் வினவியபோது என்னிடம் விடை இருக்கவில்லை.

அந்நிலையில், கனடாவிலுள்ள மகன் அதிர்வுப் பலகை என்னும் கருவியை வாங்கித்தர முன்வந்தான். அதன்மேல் நின்றால் பலகை நொடிக்கு 20 முதல் 50 தடவைவரை அதிரும். அவ்வதிர்வால் நீளும் தசைகள் தாமாகவே சுருங்கித் தொழிற்படும். வெளியே செல்ல வேண்டியதில்லை என்பதே அக்காவுக்குப் பெரும் ஆறுதல்.

அதிர்வு மருத்துவம் புதியதன்று. புகைவண்டியிலும் குதிரைவண்டியிலும் நெடுந்தூரம் குலுங்கிச் சென்ற நடுக்கநோயாளர் சுகங்கண்டதாகக் கூறக் கேட்ட பிரான்சு தேசத்து நரம்பியல் மேதை சார்க்கோ, 1892ஆம் ஆண்டளவில் அதிரும் நாற்காலியொன்றைப் பயன்படுத்தினார். இதனை நான் சொன்னதும், "குலுக்கமே மருந்தெண்டால், பருத்தித்துறை வீதியில பஸ் ஏறுறவைக்கு வருத்தமே வராதே!" என்று அத்தான் நகைத்தார். பல நாட்களின் பின் அவ்வீட்டிற் கேட்ட சிரிப்பு அது.

பஸ் என்றதும் வேறொன்று நினைவுக்கு வந்தது. இலண்டன் மாடிபஸ்களில் அமர்ந்தே தொழில் புரியும் சாரதிகளைவிட, படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்பதை ஜெரி மொரிஸ் என்னும் மருத்துவர் 1953இல் வெளியிட்டார். குலுக்கம் இருவருக்கும் பொது; வேறுபட்டது காலின் உழைப்பே! அதற்கு முந்திய ஆண்டில், வாரக்கணக்கிற் படுக்கவைக்கப்பட்ட நோயாளரை நாற்காலியில் இருத்தி நன்மை கண்டதாக அமெரிக்க மருத்துவர்களான லெவைனும் லவுனும் அறிவித்திருந்தனர். 1955இல் மாரடைப்புற்ற ஜனாதிபதி ஐசனோவர், மறு ஆண்டுத் தேர்தலில் நின்று வென்றார்.

அத்தானை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். இதயநோயாளரிடையே அதிர்வுப் பயிற்சி பற்றிச் சிறு ஆய்வுகளே நடந்துள்ளன. நடைக்குள்ள வலுவான சான்று அதற்கில்லை. இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கும் இரத்தக்கட்டி உள்ளவர்களுக்கும் அது பொதுவாக விலக்கப்படுவது என்று அவர் விளக்கினார். பின்னர் அத்தானைச் சோதித்து, "மெல்ல நடவுங்கோ. கதைச்சுக்கொண்டு நடக்கக்கூடிய வேகம் போதும். நெஞ்சுநோ, மூச்சிளைப்பு, தலைச்சுற்று வந்தால் உடனே நில்லுங்கோ" என்றார்.

முதல்நாள் ஐந்து நிமிடம் நடந்தார். கையில் மாத்திரையும் தண்ணீர்ப் போத்தலுமாக அக்கா பின்தொடர்ந்தார். அவர் முகத்தைக் கண்டபோதுதான், மாரடைப்பு ஒருவருக்கு வந்தாலும் அதன் அச்சம் வீடு முழுவதையும் பிடித்துவிடுகிறது என்பது விளங்கிற்று. நாளுக்குச் சில நிமிடங்களாக நடை நீண்டது. அக்காவின் அச்சமும் அவ்வாறே குறைந்தது. இன்று அத்தான் நெல்லியடிச் சந்தைவரை சென்று கீரைக்கட்டோடு திரும்புகிறார். அக்கா வீட்டிலிருந்தே சமைக்கிறார்.

இவ்வாறான ஒருவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவருக்கு எவ்வளவு நடை தகும் என்பதை முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். அவர் இசைந்தபின் படலையைத் திறந்துவிடுங்கள். துணையாகச் செல்லுங்கள், தடையாக நில்லாதீர்கள்.