கமலா முதலா, கனகா முதலா? - ஒரு டேட்டாபேஸும் தமிழ் அகரவரிசையும்

ஒரு சின்னக் கேள்வி. கமலா, கனகா... அட்டெண்டன்ஸில் யார் பெயர் முதலில் வர வேண்டும்? தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள், கமலா என்று. மெய்யெழுத்து பதினெட்டில் 'ம்' பத்தாவது, 'ன்' கடைசி. ஆனால் பல ப்ரோகிராம்கள் கனகாவைத்தான் முன்னால் நிறுத்தும். "இது ஒரு பிரச்சினையா மச்சி?" என்று கேட்கும் நண்பர்களுக்காகத்தான் இந்தப் பதிவு :-)

மந்தைவெளியில் ஒரு சின்ன வாடகை நூலகம். உறுப்பினர் பெயர், புத்தகப் பெயர் எல்லாம் தமிழில். லீவில் சும்மா இருந்த நான், நோட்டுப் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் ஜாவாவில் ஒரு சின்ன ப்ரோகிராமாக மாற்றிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் அப்பாச்சி டெர்பி. தனி சர்வர் வேண்டாம், ப்ரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், காசு கிடையாது. புத்தகப் பட்டியலை அகரவரிசையில் அச்சடித்து மேஜையில் வைத்தோம். அதைப் புரட்டிப் பார்த்த மாமி கேட்டார்: "ஏண்டாப்பா, உன் கம்ப்யூட்டருக்கு அகராதி பார்க்கத் தெரியாதோ?"

மாமி சொன்னது சரி. 'வள்' என்று தொடங்குபவை முதலில், 'வழி' என்று தொடங்குபவை அப்புறம். அகராதியில் ழ முன்னால், ள பின்னால். 'அகம்' முதலில், 'அக்கா' பிறகு. அகராதியில் புள்ளி வைத்த 'க்' தான் முதலில் வரும், அதனால் அக்காவுக்குத்தான் முதல் இடம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினாலும் இதே வரிசைதான். அங்கே வருகிற பெரியவர்கள் எல்லாம் அந்த வரிசையில் விரல் வைத்துத் தேடிப் பழகியவர்கள். இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை என்றால் "அந்தப் புத்தகம் இங்கே இல்லை போல" என்று கிளம்பிவிடுவார்கள். புத்தகமோ அலமாரியில் இருக்கும்!

ஏன் இப்படி? யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குக் கிடைத்த எண்கள் 1988இன் இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றியவை. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சு. அந்த அச்சு தேவநாகரியை ஒட்டியது. அதில் இல்லாத நம் எழுத்துகளை ஒலியில் நெருங்கிய எழுத்துக்குப் பக்கத்தில் சொருகினார்கள். ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ள-வுக்குப் பக்கத்தில் ழ. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ. புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் ஒரு எண். டெர்பி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், இந்த எண் வரிசையிலேயே அடுக்கிவிடும்.

இந்த இடத்தில் டெர்பியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிளவுட்ஸ்கேப் என்ற கலிஃபோர்னியா கம்பெனியின் சரக்கு இது. 1999இல் இன்ஃபார்மிக்ஸ் வாங்கியது. 2001இல் அது ஐ.பி.எம். கைக்குப் போனது. 2004இல் ஐ.பி.எம். மொத்த மூலநிரலையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. 2006இல் வந்த ஜே.டி.கே. 6இல் 'ஜாவா டிபி' என்ற பெயரில் கூடவே வந்தது. பல மாணவர்கள் முதல் டேபிளை உருவாக்கியது இதில்தான்.

2007இல் வந்த 10.3 பதிப்பில் மொழி சார்ந்த வரிசை சேர்ந்தது. டெர்பி-1478 என்ற எண்ணில் பதிவான வேலை இது. உருவாக்கியவர்கள் எடுத்த முடிவுகள் படிக்கவே சுவாரசியம். முதல் முடிவு: வரிசை விதியை டேட்டாபேஸை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. கொடுமையாகத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு. இண்டெக்ஸ் என்பது அடுக்கி வைத்த மரம். பழைய விதியில் அடுக்கிய மரத்தில் புதிய விதியோடு தேடினால், இருக்கிற பெயரே இல்லை என்று பதில் வரும்.

இரண்டாவது முடிவு: வரிசை விதிகளை டெர்பி தானே எழுதாது, ஜாவாவிடம் இருப்பதையே கேட்டு வாங்கும். இங்கேதான் நமக்கு இடி. ஜாவா 6, 7, 8 ஆதரித்த மொழிகளின் பட்டியலில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. தமிழ்-இந்தியா என்று கேட்டால், அந்த மொழிக்கு வரிசை ஆதரவு இல்லை என்று டெர்பி பிழை காட்டி நின்றுவிடும்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்தால் இந்தப் பிழைச்செய்தி மேல் மரியாதை வருகிறது. சத்தமில்லாமல் ஏதோ ஒரு வரிசையைக் கொடுத்து "இதுதான் தமிழ்" என்று ஏமாற்றியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற சாஃப்ட்வேர் அபூர்வம்.

வழி இருந்தது. ஜாவா 6 முதலே, இல்லாத மொழிக்கு வரிசை விதியை நாமே எழுதிச் செருகலாம். உயிர் பன்னிரண்டு, ஆய்தம், பிறகு க் க, ங் ங என்று ஒவ்வொரு மெய்யும் அதன் அகரமும், கடைசியில் ன் ன, அதற்குப் பின் ஜ முதலான கிரந்த எழுத்துகள், எல்லாம் முடிந்ததும் உயிர்க்குறிகள். ஒன்றாம் வகுப்பில் ஒப்பித்ததுதான்! எழுதிச் செருகி, டேட்டாபேஸைப் புதிதாக உருவாக்கி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். அக்கா அகத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பதிலும் சொல்லப்பட்டது. எண்களையே மாற்றிவிடு என்பது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் 'டேஸ் 16' முறையை 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. அதில் அகரவரிசை தானாகவே சரியாக வரும். ஆனால் அது யூனிகோடில் யாருக்கும் ஒதுக்காத தனிப்பயன் இடத்தில் உட்கார்கிறது. தெருவுக்கே தெரியாத கதவு எண் மாதிரி. எழுத்தின் எண் வேறு, எழுத்தின் வரிசை வேறு என்று ஏற்றுக்கொண்டு, வரிசையை டேட்டாபேஸில் சரிசெய்வதுதான் எனக்கு நடைமுறையாகப் படுகிறது. ஆங்கிலத்துக்கே அப்படித்தான். எண் வரிசையில் பெரிய 'இஸட்' சின்ன 'ஏ'வுக்கு முன்னால் வருகிறது. யாரும் ஆங்கில எண்களை மாற்றச் சொல்லவில்லை.

ஒரு வருத்தமான செய்தி. 2017இன் ஜாவா 9இல் ஜாவா டிபி கூட வருவது நின்றது. 2025 அக்டோபரில் டெர்பி குழுவே வாக்கெடுத்து ப்ராஜெக்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. நிரல் திறந்தே இருக்கிறது, எடுத்துப் படிக்கலாம், ஆனால் இனி யாரும் அங்கே பிழை திருத்த மாட்டார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் எச்2 பக்கம் போகலாம். அதுவும் ஜாவா, அதுவும் ஓப்பன் சோர்ஸ். ஐ.சி.யு. நூலகத்தைக் கூடச் சேர்த்தால் அதன் வரிசை விதிகளைப் பயன்படுத்தும். அந்த விதிகளில் தமிழ் உண்டு.

யோசித்துப் பாருங்கள். டைடல் பார்க்கில் தொடங்கி ஓ.எம்.ஆர். முழுக்க ஜாவா எழுதுகிற ஊர் இது. ஜாவாவின் பட்டியலில் தமிழ் இல்லாததற்கு யாரும் சதி செய்யவில்லை. விதியை எழுதி, சோதித்து, "இதைச் சேருங்கள்" என்று போய் நிற்பவருக்குத்தான் இந்த உலகத்தில் இடம். ஒன்றாம் வகுப்புப் பாடம் தெரிந்தால் போதும், எழுதிவிடலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் தமிழ்ப் பெயர்களைச் சேமிப்பவர்கள் டேபிள் போடும் முன் அக்கா, அகம், கமலா, கனகா, வழி, வள்ளி என்று ஆறு வரி ஏற்றி அடுக்கச் சொல்லிப் பாருங்கள். இதே வரிசையில் திரும்பி வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். டேட்டா ஏறின பிறகு ரொம்பக் கஷ்டம்.