நான்கு மணி நேரக் கூலி

எங்கள் மத்ரஸாவின் மாருதி ஆம்னி வேன் 2006இல் வாங்கப்பட்டது. சென்ற மழைக்காலத்தில் அதன் கிளட்ச் வழுக்கத் தொடங்கிற்று. எஞ்சின் இரையும், வண்டி நகராது. பிள்ளைகளோடு பாலத்து மேட்டில் அது நின்றுபோன மறுநாள், வரவு செலவு பார்ப்பவன் என்ற முறையில் நானே பட்டறைக்குச் சென்றேன்.

“நாலு மணி நேர வேலை, ஹஜ்ரத். கூலி ஆயிரத்து ஐந்நூறு” என்றார் மெக்கானிக்.

“அப்படியானால் அஸருக்குள் தந்துவிட வேண்டும், தம்பி. அதற்கு மேல் கேட்கக் கூடாது” என்றேன். அவரும் தலையசைத்தார்.

ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. அதன் பின்னே கியர் பாக்ஸ். இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருப்பது கிளட்ச். பிளேட்டை மாற்றுவது சிறிது நேரக் காரியந்தான். அதைச் சென்றடைவதற்குத்தான் கூலியெல்லாம். கியர் ஆயிலை வடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கேபிள்களையும் விடுவித்து, கியர் பாக்ஸைத் தாங்கிப் பிடித்து இறக்க வேண்டும். துருப்பிடிக்காத வண்டியில் நான்கு மணி நேரம் போதும். அவர் சொன்னது பொய்யன்று. இங்கோ ஒரு போல்ட் அசைய மறுத்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து திருகியபோது தலை முறிந்து, தண்டு உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் துளையிட்டு எடுப்பதற்குள் லுஹர் கடந்தது. கியர் பாக்ஸ் இறங்கிய பின்னர், எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிவது தெரிந்தது. அதை அப்படியே விட்டு மூடினால் புதிய பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வழுக்கும். ஆகவே ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டியதாயிற்று. வேலை முடிந்தது மறுநாள் நண்பகலில்.

நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவரோ பேசிய கூலிக்கு மேல் ஒரு காசும் கேட்கவில்லை. சாமான்களுக்கு மட்டும் கடைச்சீட்டைக் காட்டினார்.

இமாம் நவவீயின் மின்ஹாஜில் இஜாராப் பாடத்தை இருபத்தைந்து ஆண்டுகளாக ஓதிக்கொடுப்பவன் நான். வேலையைக் குறித்து ஒருவரை அமர்த்தலாம். காலத்தைக் குறித்தும் அமர்த்தலாம். இரண்டையும் பிணைத்து, ‘இத்துணியை இந்த நாளுக்குள் தைத்துத் தா’ என்று பேசினால், ஷாஃபியீ மத்ஹபின் வலுவான கருத்தின்படி அவ்வொப்பந்தம் செல்லாது. வேலை அந்நேரத்துக்கு முன்னே முடியலாம், பின்னேயும் முடியலாம். அந்தத் தையற்காரர் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

செல்லாத ஒப்பந்தத்தில், செய்த வேலைக்கு வழக்கிலுள்ள கூலி கடனாகிறது. அதை அறிய வேறிரு பட்டறைகளில் விசாரித்தேன். இருவரும் முதலில் கேட்டது வண்டியின் வயதைத்தான். பிறகு மூவாயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள். நிர்வாகக் கூட்டத்தில், “பேசியது பேசியதுதானே, ஹஜ்ரத்?” என்றார் ஒரு பெரியவர். கிதாபை விரித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வழக்காடினேன். என் வாயால் நேர்ந்த பிழைக்கு மத்ரஸாவின் பணமா என்று அவர்கள் கேட்டிருந்தால் விடை சொல்லியிருக்க மாட்டேன். நல்லவேளை, கேட்கவில்லை.

மிச்சம் ஆயிரத்து ஐந்நூறை எடுத்துச் சென்று கொடுத்தேன். மெக்கானிக் எண்ணிப் பார்த்து ஐந்நூறைத் திருப்பித் தந்தார்.

“போல்ட்டை முறிச்சது என் கைதானே, ஹஜ்ரத்.”

இப்போது இரண்டாம் கியர் உறுமுகிறது. இறக்கித் திறப்பதற்கு மட்டும் கூலி பேசியிருக்கிறோம். மற்றவை பெட்டியைத் திறந்து பார்த்த பின்னர். திங்கட்கிழமை நானும் போகிறேன்.