பாஸ்போர்ட் இல்லாமல் ஆறு ஊர்கள்!

ஆபீஸில் பக்கத்து சீட்காரர் பத்து நாள் லீவு போட்டுவிட்டுக் குலு-மணாலி போய் வந்தார். மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. செல்போனில் முந்நூற்றுச் சொச்சம் போட்டோ. எல்லாவற்றிலும் அவர், அவருக்குப் பின்னால் பனி. பார்த்து முடித்தபின், "நீ இந்த வருஷம் எங்கேயும் போகலையாப்பா?" என்றார், கொஞ்சம் இரக்கத்தோடு.

"போனேனே ஸார். வயோமிங் காட்டுக்குப் போனேன். ஆர்ஸ்டோட்ஸ்கா பார்டர்ல ஒரு மாசம் டூட்டி. நடுவுல பெலிகன் டவுன்ல விவசாயம்."

"ஐரோப்பாவா?"

"கம்ப்யூட்டர் ஸார். வீடியோ கேம்."

இரக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. "இந்த டுப்பு டுப்புன்னு சுடுவாங்களே, அதா?"

அதில்லை என்று அவருக்கு விளக்குவதற்குள் கேன்டீன் மூடிவிட்டான். உங்களுக்காவது விளக்குகிறேன். 'இண்டீ கேம்' என்று ஒரு ரகம். பெரிய கம்பெனி விளையாட்டை நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து செய்வார்கள். இது ஒருத்தர், இரண்டு பேர், மிஞ்சினால் பத்துப் பேர் உட்கார்ந்து செய்வது. ஏ.சி. ஓட்டலுக்கும் கையேந்தி பவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். மெனு சின்னது. ஆனால் மாஸ்டர் எதிரிலேயே நிற்பார். உப்பு தூக்கலாக இருந்தால் யாரைத் திட்டுவது என்பதில் குழப்பம் கிடையாது.

முதலில் பெலிகன் டவுன். 'ஸ்டார்ட்யூ வேலி' என்ற கேமில் இருக்கிற ஊர். ஆபீஸ் போகிற எவனையும் முதல் இரண்டு நிமிஷத்தில் கவிழ்த்துவிடும். ஜோஜா கார்ப்பரேஷன் என்ற கம்பெனியில் வரிசையாகத் தடுப்பு போட்ட மேஜைகள். அதில் ஒன்றில் நீங்கள். டிராயரைத் திறந்தால் தாத்தா விட்டுப்போன கடிதம். ஊரில் பாழடைந்த பண்ணை ஒன்று உங்கள் பேரில் இருக்கிறதாம். பஸ் ஏறிப் போய் இறங்கினால், கையில் 15 பார்ஸ்னிப் விதை. (வெள்ளைக் காரட் மாதிரி ஒரு கிழங்கு.) தண்ணீர் ஊற்ற ஊற்ற முளைக்கிறது. மழை பெய்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். எனக்கு அந்த மழை நாளெல்லாம் ஏதோ ஸ்டிரைக் அறிவித்த மாதிரி சந்தோஷம்!

இதைச் செய்தவர் எரிக் பரோன் என்ற ஒரே ஆள். படம், இசை, வசனம், புரோகிராம், சகலமும் அவரே. ஏறக்குறைய நாலரை வருஷம். சியாட்டிலில் ஒரு தியேட்டரில் வருகிறவர்களுக்கு ஸீட் காட்டுகிற பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே செய்து, 2016-ல் வெளியிட்டார். இதுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றாகிவிட்டது.

ஊர் அழகு. சந்தேகமே இல்லை. ஆனால் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தாத்தா என்னை ஏமாற்றிவிட்டார். அங்கே ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிஷம். காலை ஆறு மணிக்கு எழுந்தால் ராத்திரி இரண்டுக்குள் படுத்தாக வேண்டும். தவறினால் நின்ற இடத்தில் மயங்கி விழுந்து, கைக்காசும் கொஞ்சம் போகும். இரண்டாவது வருஷத்தில் நான் நோட்டுப் போட்டு, ப்ளூபெர்ரிக்கு லாபம் அதிகமா, தர்பூசணிக்கு அதிகமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மேஜையிலிருந்து தப்பி ஓடினேனோ, அதே மேஜை! மாடு மட்டும் கூடுதல்.

காதல்கூட அங்கே பட்ஜெட்தான். பூங்கொத்து 200 பொற்காசு. கல்யாணம் கேட்க ஒரு கடல்சங்குப் பதக்கம் வேண்டும், அது 5,000. அதையும் மழை நாளில் கடற்கரைக்கு வருகிற ஒரு கிழவரிடம்தான் வாங்க வேண்டும். அபிகெய்ல் என்ற பெண்ணுக்குச் செவ்வந்திக்கல் கொடுத்தேன். பசியாக இருக்கிற நேரம் பார்த்துக் கொண்டுவந்தாயே என்று மகிழ்ந்துபோனாள். கல்லைத் தின்கிற பெண்ணோடு குடித்தனம் நடத்த எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரைக் காலி செய்தேன்.

அடுத்து போன இடம் யாருமே ஆசைப்பட்டுப் போகிற இடமில்லை. லூகாஸ் போப் என்பவர் 2013-ல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. ஆர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனைக் கம்யூனிஸ்ட் நாடு. பக்கத்து நாட்டோடு ஆறு வருஷம் சண்டை போட்டு, கிரெஸ்டின் என்ற எல்லை ஊரில் தன் பாதியை மீட்டிருக்கிறது. 1982 நவம்பர் 23. வேலைக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது; செக்போஸ்ட் கூண்டில் பாஸ்போர்ட் பார்க்கிற உத்தியோகம். வெளியே பனியில் நீள வரிசை. பச்சை முத்திரை, சிவப்பு முத்திரை. அவ்வளவுதான் கேம்.

'இதில் என்ன இருக்கிறது?' என்றுதான் நானும் நினைத்தேன். சரியாகப் பார்த்த ஒவ்வொரு ஆளுக்கும் 5 ரூபாய் மாதிரி ஏதோ சம்பளம். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருந்து. தினமும் சாயங்காலம் எதை வெட்டுவது என்று டிக் அடிக்க வேண்டும். நமக்கெல்லாம் மாசக் கடைசியில் நடப்பது, அங்கே தினமும்.

ஒரு நாள் ஒருத்தர் வந்தார். பேப்பர் எல்லாம் சுத்தம். உள்ளே போகும்போது, அடுத்து வருவது என் மனைவி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வந்தாள். அனுமதிச் சீட்டு இல்லை. ஊருக்குத் திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். பச்சை முத்திரை குத்தினேன். அடுத்த வினாடி பக்கத்து மெஷின் 'கரக் கரக்' என்று ஒரு சீட்டைத் துப்பியது: எச்சரிக்கை. ஒரு நாளில் இரண்டு எச்சரிக்கை வரை சும்மா. மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் கை வைப்பார்கள். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து நாள் போனது. மகனுக்குக் காய்ச்சல். விதிமுறை புத்தகம் தினமும் தடித்துக்கொண்டே வருகிறது. இப்போது ஒரு பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயர் தப்பு என்று கண்டுபிடித்தால் எனக்குள் ஒரு குஷி. சிவப்பு முத்திரை 'டப்' என்று விழுகிற சத்தம் இனிக்க ஆரம்பித்தது. கெஞ்சுகிறவர்களை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்த்தால் நேரம் போகிறதே. ஜோர்ஜி என்று ஒரு கிழவர் மட்டும், கோப்ராஸ்தான் என்று இல்லாத நாட்டுக்குத் தானே கையால் கோணல்மாணலாக வரைந்த பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு, திருப்பி அனுப்பியும் கோபமே படாமல் போய், மறுபடி மறுபடி வந்துகொண்டிருப்பார். அவரைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும்.

என் ஆபீஸ் வேலையும் கிட்டத்தட்ட இதுதான் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். வருகிற படிவத்தில் விட்டுப்போன கையெழுத்தைக் கண்டுபிடிப்பது. அந்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். ஒரு தாளில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். "திருத்திட்டு வாங்க" என்று என் வாய் தானாகச் சொல்லி, கை தானாகத் தள்ளிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மாடிப்படி இறங்கினார். எனக்கு அந்த 'டப்' சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், காதில் கேட்டது. எழுந்து ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்து, பக்கத்தில் ஒரு கையெழுத்து போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இரண்டு நிமிஷ வேலை.

குலு-மணாலிக்காரர், "என்னப்பா, சொந்தக்காரரா?" என்றார்.

அப்புறம் ஒரு வாரம் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மனசை ஆற்றிக்கொள்ள வேண்டி வயோமிங் போனேன்.

'ஃபயர்வாட்ச்', 2016. அமெரிக்காவின் ஷோஷோனி தேசியக் காடு. காடு நிஜம், 1891-லேயே மத்திய அரசு காப்புக்காடாக ஒதுக்கிய இடம். 1989 கோடையில், காட்டுத் தீ கிளம்புகிறதா என்று கோபுரத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஹென்றி என்பவன் வருகிறான். மனைவிக்குச் சின்ன வயதிலேயே மறதி நோய். பார்த்துக்கொள்ள முடியாமல் தப்பி வந்தவன். கூட இருப்பது ஒரு வாக்கி டாக்கியும், அதில் பேசுகிற டிலைலா என்ற மேலதிகாரிப் பெண்ணின் குரலும்தான். கையில் காகித மேப், திசைகாட்டி. சாயங்கால வெளிச்சத்தில் காடு முழுக்க ஆரஞ்சாகிறபோது நான் நடப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். மின்விசிறி சத்தம்கூட எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு மர்மம். யாரோ நம்மை வேவு பார்க்கிறார்கள்! நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். முடிவு? புஸ்ஸ்ஸ்... நனைந்த லட்சுமி வெடி. வாழ்க்கையில் ஓடி ஒளிகிறவனுக்குப் பெரிய சதியெல்லாம் கிடைக்காது, அதுதான் அதன் அர்த்தம் என்று கேமின் ரசிகர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். அர்த்தம் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? நாலு மணி நேரம் பேசிய டிலைலாவின் முகத்தை ஒரு தடவை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பஸ்ஸில் சென்னை வரை பேசிக்கொண்டு வந்தவர் தாம்பரத்தில் சொல்லாமல் இறங்கிப் போன மாதிரி!

பேப்பர்ஸ் ப்ளீஸ்காரரே 2018-ல் இன்னொன்று செய்தார்: 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 1807, இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகம். காணாமல் போன ஒரு வணிகக் கப்பல் ஆளில்லாமல் மிதந்து வருகிறது. 60 பேருக்கு என்ன ஆயிற்று என்று கணக்கெடுக்கப் போகிற கிழக்கிந்தியக் கம்பெனி இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் நீங்கள். முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள், பழைய மேக்கின்டாஷ் திரை மாதிரி. பிணத்தருகே ஒரு பாக்கெட் கடிகாரத்தைத் திறந்தால், அந்த ஆள் செத்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். யார், எப்படி என்று எழுத வேண்டும். மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் சரி என்றே சொல்லும். மூளைக்கு இதைவிட நல்ல தீனி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு வெட்கம். கப்பலில் இந்திய மாலுமிகளும் உண்டு. வெள்ளைக்காரர்களை மீசையை வைத்தே பிரித்துவிட்ட எனக்கு, நம்மாட்களில் யார் யார் என்று கடைசி வரை குழப்பம்.

ஹேலோநெஸ்ட் பற்றிச் சுருக்கமாக. 'ஹாலோ நைட்', 2017. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த 'டீம் செர்ரி' என்ற சின்னக் கூட்டம், பொதுமக்களிடம் 57 ஆயிரம் டாலர் வசூல் செய்து ஆரம்பித்தது. பூமிக்கடியில் பூச்சிகளின் பாழடைந்த ராஜ்ஜியம். புது இடத்துக்குப் போனால் மேப் கிடையாது. தரையில் காகிதங்கள் சிதறிக் கிடந்தால், எங்கோ ஒருத்தர் 'ம்ம்ம்...' என்று ராகம் இழுத்தால், மேப் விற்கிற கார்னிஃபர் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். எந்த ஊர் கைடும் எனக்கு இவ்வளவு நிம்மதி தந்ததில்லை. கண்ணீர் நகரம் என்று ஓரிடம். மேலே ஒரு ஏரி, அதிலிருந்து நிற்காத மழை. ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ஒரு பெஞ்சுக்காகவே போகலாம். ஆனால் செத்தால், கைக்காசு முழுக்கச் செத்த இடத்திலேயே நிற்கும். மறுபடி அங்கே போய் மீட்க வேண்டும். போகிற வழியில் திரும்பவும் செத்தால், போச்சு! வேலைவெட்டி உள்ளவன் தாங்குகிற சமாசாரமில்லை. இதன் அடுத்த பாகம் 'சில்க்சாங்' 2025 செப்டம்பரில் வந்தபோது, நண்பர்கள் லீவு போட்டார்கள். நான் போடவில்லை. பயம்தான்.

கடைசியாக டொரான்டோ. 'வெண்பா'. ஆமாம், நம்ம வெண்பாவேதான். டொரான்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்டது. 2024-ல் பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருது வாங்கியது. எண்பதுகளில் கனடா போன தமிழ்க் குடும்பம். வெண்பா, கணவன் பாவலன், பிறகு மகன் கவின். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காத கவலை, திரும்பிப் போய்விடலாமா என்ற பேச்சு. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டில் பல வரிகள் அழிந்து கிடக்கின்றன. அழிந்ததை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். ரேடியோவில் அந்தந்தக் காலத்துச் சினிமாப் பாட்டு வாடையில் புதுப் பாட்டுகள்.

குறை இல்லாமலில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இன்னும் பசியோடு இருக்கும்போது இலையை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. முதல் அத்தியாயமே இட்லி. 'இது என்ன பிரமாதம், நம்ம ஊர்ச் சமாசாரம்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மாவை ஊற்றித் தட்டுகளை அடுக்கி அடுப்பில் ஏற்றினேன். இட்லி வேகவில்லை. மறுபடி அடுக்கினேன். மறுபடியும் ஊத்தல். இருபத்தெட்டு வருஷமாக வாரத்தில் நாலு நாள் இட்லி சாப்பிடுகிறவன் நான். தட்டு எப்படி அடுக்கியிருக்கும் என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை! கொப்பரையைத் திறந்து பார்க்கவே அவசியம் வந்ததில்லை. தட்டில் வந்து விழும், சாப்பிடுவேன்.

ஊருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, இட்லித் தட்டை எப்படி அடுக்கறது?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஏண்டா, மெஸ் மூடிட்டானா? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. சொல்லேன்."

"குழிக்கு நேரா குழி வரக்கூடாது. மேல் தட்டுக் குழி, கீழ்த் தட்டுல ரெண்டு குழிக்கு நடுவுல இருக்கே எடம், அதுக்கு மேல வரணும். இல்லேன்னா கீழ இருக்கறது அமுங்கிடும், ஆவியும் ஏறாது. தண்ணி நல்லா கொதிச்சப்புறம் வை..." என்று ஆரம்பித்தவள், மாவு புளிக்க வைப்பது, உளுந்து எத்தனை ஆழாக்கு, குளிர் காலத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று இருபத்தைந்து நிமிஷம் பேசினாள். வழக்கமாக எங்கள் போன், "சாப்டியா?", "சாப்டேன்" என்று இரண்டு நிமிஷத்தில் முடிகிற போன். கேமுக்குத்தான் கேட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் சொன்னபடி அடுக்கினேன். வெந்தது. கதை தொடர்ந்தது. கவின் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். பெரியவனாகிறான். ஒரு கட்டத்தில் அவனே அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்து சரியாகப் படிக்க வராமல், அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று தடவிக்கொண்டு நிற்கிறான். எனக்கு எழுத்து நன்றாகவே படிக்க வரும். அதனால் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு அம்மாவே கூப்பிட்டாள்.

"என்னடா, இட்லி வந்துதா?"