கடலோர ஊருக்கு எந்தக் குடில்? மயிலாப்பூர் முதல் அடையாறு வரை ஒரு நடை

'பசுமைக்குடில் போட்டால் ஆண்டு முழுக்கத் தக்காளி எடுக்கலாமா?' செங்கல்பட்டு, திருவள்ளூர், கடலூர்ப் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஓசூரில் ரோஜாவும் குடமிளகாயும், நீலகிரியில் கார்னேஷனும் குடிலுக்குள் விளைவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், வங்கிக் கடனும் அரசு மானியமும் கிடைத்தால் தங்கள் நிலத்திலும் அதையே செய்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

கடலோரத்துக்கு எந்தக் குடில் பொருந்தும், எந்த மாதம் எதை நடலாம், பூச்சியை எப்படிச் சமாளிக்கலாம் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சென்னைக்கு வேலையாக வரும் நாளில் மயிலாப்பூர், கதீட்ரல் சாலை, தியாகராய நகர், அடையாறு என்று ஒரு சுற்று வந்தால் போதும். கொஞ்சம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஏனென்றால் இங்கே தோட்டம் மாடியில் இருக்கிறது.

மாட வீதியில் தெரியும் உண்மை

கபாலீசுவரர் கோயிலை ஒட்டிய தெற்கு மாட வீதியில் காலையில் காய்கறிக் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் விளங்கும். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் மலைப்பகுதியிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் கோயம்பேடு வழியாக வருபவை. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி போன்றவை அவ்வளவு தூரம் பயணம் செய்தால் வாடிவிடும். அதனால் அவை சென்னையைச் சுற்றிய ஊர்களிலிருந்தே வந்தாக வேண்டும்.

சுற்றுத் தெருக்களில் மொட்டை மாடிகளைப் பார்த்தால் பச்சை நிழல்வலைகள் தெரியும். 2013-14இல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கான 'நீங்களே செய்து பாருங்கள்' தளைகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. தென்னை நார்க்கழிவு, வளர்ப்புப் பைகள், விதைகள் என்று அடிப்படைப் பொருள்கள் அதில் இருந்தன. அதற்குப் பிறகு மாடித்தோட்டம் பல வீடுகளுக்குப் பரவியது.

இந்த மாடிகளில் கண்ணாடியோ முழுதும் மூடிய பாலிதீனோ அநேகமாகத் தென்படாது. குளிர் நாடுகளில் பசுமைக்குடில் வெயிலின் சூட்டைப் பிடித்து வைக்கும் பெட்டி. சென்னையில் வெளியே இருக்கும் சூடே அதிகம். இங்கே கூரைக்கு இருக்கும் வேலை இரண்டுதான்: கோடையில் நிழல் தருவது, ஐப்பசி கார்த்திகையில் நாற்றை அடைமழையிலிருந்து காப்பது.

கதீட்ரல் சாலையில் ஒரு நாட்காட்டி

மயிலாப்பூரிலிருந்து மேற்கே வந்தால் கதீட்ரல் சாலை. 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பழைய இடம் இந்தப் பகுதி. இங்கேதான் 2010 நவம்பர் 24 அன்று செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. ஒரே பூங்காவுக்குள் மர நிழலில் வளரும் செடியும் முழு வெயில் கேட்கும் செடியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம். எந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் ஆண்டுத் திட்டத்தின் முதல் பாடம். அதைச் சென்னைத் தட்பவெப்பத்தோடு சேர்த்தால் நாட்காட்டி தானாக வரும்.

ஆடி, ஆவணி: கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, பாகல், புடலைக்கு ஆடிப்பட்டம். இவை திறந்த வெளியில் நன்றாக வரும். வலை தேவையில்லை.

புரட்டாசி, ஐப்பசி: தக்காளி, காலிஃபிளவர், முட்டைக்கோஸ் நாற்று விடும் காலம். நாற்றங்காலுக்கு மட்டும் பாலிதீன் கூரை போட வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்றழுகல் வரும். விதையை டிரைக்கோடெர்மா விரிடியால் நேர்த்தி செய்வது இந்தப் பருவத்தில் கட்டாயம். கிலோவுக்கு 4 கிராம் போதும்.

கார்த்திகைக் கடைசி முதல் தை வரை: தக்காளியின் காலம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவும் சூடாகவே இருந்தாலோ தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும். சென்னையில் இரவு 21, 22 டிகிரிக்கு இறங்குவது மார்கழி, தை ஒட்டித்தான். முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லிக்கும் இதுவே நல்ல காலம். இப்போது நிழல்வலையை எடுத்துவிட வேண்டும். குளிர் மாதத்தில் வெயிலை மறைத்தால் செடி நெடுநெடுவென்று வளரும், காய்க்காது.

மாசி, பங்குனி: வெள்ளரி, வெண்டை, கொத்தவரை. வலையை மீண்டும் கட்டும் நேரம்.

சித்திரை, வைகாசி: 50 சதவீத நிழல்வலைக்குள் கீரைகள், புதினா. காய்கறிப் பாத்திகளில் பாதிக்கு ஓய்வு. இந்த ஓய்வு எதற்கு என்பது அடுத்த இடத்தில் தெரியும்.

ஏரிக்குள் ஒரு நகரம்

தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றிக் கடைகளும் கூட்டமும்தான் கண்ணில் படும். விவசாயிக்கு அங்கே வேறொரு கதை இருக்கிறது. 1920களில் இந்த நகர் உருவாவதற்கு முன், இங்கே மயிலாப்பூரின் நீண்ட ஏரி இருந்தது. அந்த ஏரியை வற்றவைத்துத்தான் மனைகள் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருவுக்கு இன்றும் லேக் வியூ சாலை என்று பெயர். பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை.

தண்ணீர் போன இடத்தில் கான்கிரீட் வந்ததால் பகல் சூடு இரவிலும் இறங்குவதில்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று நண்பகலுக்குள் வந்துவிட்டால் சென்னை தப்பிக்கும்; தாமதமானால் வேகும். அந்தக் காற்றைத் தடுக்கிற எந்தக் குடிலும் கடலோரத்தில் அடுப்பாகிவிடும். வெள்ளை ஈ நுழையாதபடி நெருக்கமான பூச்சித்தடுப்பு வலையால் நான்கு பக்கமும் மூடினால் காற்றும் நின்றுவிடும். ஆகவே உயரமான குடில், மேலே காற்றுப்போக்கி, கிழக்குப் பக்கத்தில் காற்றுக்குத் தடையில்லாத அமைப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் கடலோரத்தில் பாலிதீன் குடில் போடக் கூடாது.

கோடை ஓய்வுக்கு வருவோம். குடிலுக்குள் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் மூன்றாவது, நான்காவது போகத்தில் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். செடி காரணமில்லாமல் வாடும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள் இருக்கும். இதற்குச் சித்திரை வெயிலே மருந்து. பாத்தியை நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலிதீன் தாளால் ஓரங்களை மண்ணால் அடைத்து மூடி, 4 முதல் 6 வாரம் விட வேண்டும். உள்ளே ஏறும் சூட்டில் நூற்புழு, வாடல் நோய்ப் பூஞ்சாணம், களை விதை எல்லாம் பெருமளவு குறையும். அடுத்து ஒரு போகம் துலுக்கச் சாமந்தி வைத்தால் நூற்புழு மேலும் அடங்கும். பூவுக்கும் விலை உண்டு.

இன்னொரு தொல்லை உப்பு. கடலோரக் கிணற்று நீரில் மின்கடத்தும் திறன் 1 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் நல்லது. 2ஐத் தாண்டினால் பீன்ஸ், கேரட், வெங்காயம் தாங்காது. திறந்த நிலத்தில் மழை வந்து உப்பைக் கழுவிவிடும். பாலிதீன் கூரைக்குள் மழையே விழாததால் உப்பு ஆண்டுதோறும் சேரும். வடகிழக்குப் பருவமழையில் சில நாள் கூரைத்தாளைச் சுருட்டி வைத்துப் பாத்தியை நனையவிடுவது நல்லது. முடியாவிட்டால் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கலாம். 1,000 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் கிடைக்கும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய ஆண்டு 2003. வீட்டுக்குப் பொருந்துவது குடிலுக்கும் பொருந்தும்.

அடையாற்றின் நண்பர்கள்

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகமாக இருக்கும் பெரிய தோப்பு. நகரத்துக்கு நடுவில் இத்தனை மரங்கள் இருந்தும், யாரும் தினமும் மருந்தடித்து அவற்றைக் காப்பாற்றவில்லை. பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி, குளவி, பறவை எல்லாம் அந்த வேலையைப் பார்க்கின்றன. குடில் கட்டும்போது நாம் பூச்சிக்கு மட்டும் கதவைச் சாத்துவதில்லை, இவற்றுக்கும் சேர்த்துத்தான் சாத்துகிறோம். ஒரு சிறு துளை வழியாக வெள்ளை ஈ உள்ளே வந்துவிட்டால், உள்ளே அதைத் தின்ன ஆளில்லை. மழையும் அதைக் கழுவாது.

நண்பர்களின் பலத்துக்குத் தமிழ்நாடே சாட்சி. 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதல் வீட்டுச் செம்பருத்தி வரை வெள்ளை அப்பியது. எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, வேளாண் பல்கலைக்கழகம் மூலம் மாநிலமெங்கும் விடப்பட்டது. அடுத்த ஓராண்டுக்குள் மாவுப்பூச்சி அடங்கியது. தென்னையில் 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈக்கும் இதே பாடம்தான்: என்கார்சியா என்ற ஒட்டுண்ணி அதை அடக்குகிறது, மருந்தடித்தால் முதலில் சாவது அந்த ஒட்டுண்ணி.

குடிலில் இதைச் செயல்படுத்தும் வழிகள்:

குடிலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைக்கவும். தட்டைப்பயறில் அசுவினி ஏறும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும். அந்த அசுவினிக்கு மருந்து அடிக்கக் கூடாது.

மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி உச்சிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு வாரம் இருமுறை பார்க்கவும். இலைப்பேனுக்கு நீலப் பொறி. எண்ணிக்கை ஏறத் தொடங்கும்போதே செயல்பட்டால் செலவு குறைவு.

ஆனி, ஆடியில் தெருவோர வேம்பிலிருந்து உதிரும் பழங்களைச் சேர்த்து, சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி வைக்கவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு என்ற கணக்கில் இடித்து, துணியில் கட்டி இரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ. எட்டு மாதத்துக்கு மேற்பட்ட பழைய கொட்டையில் வீரியம் குறையும்.

மாவுப்பூச்சி இருக்கும் செடியில் எறும்பும் இருக்கும். எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காக்கும். முதலில் எறும்பின் பாதையை அடைக்கவும். பிறகு பொறிவண்டு வேலை செய்யும்.

கோடையில் சிவப்புச் சிலந்திப்பேனுக்கு, காலையில் இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் அடிப்பதே பாதி வைத்தியம்.

ஒரு பயிர் முடிந்ததும் வேரோடு அகற்றி, இரண்டு மூன்று வாரம் குடிலைக் காலியாக விடவும். உணவில்லாமல் வெள்ளை ஈயின் சுழற்சி அறுபடும். அடுத்து அதே குடும்பப் பயிர் வேண்டாம். தக்காளிக்குப் பின் கத்தரியோ மிளகாயோ கூடாது. கீரையோ கொத்தவரையோ வைக்கலாம்.

விண்ணப்பிக்கும் முன்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. கழற்ற முடியாத கூரை கடலோரத்தில் ஒரே நாளில் போய்விடலாம் என்பதை மறக்கக் கூடாது. வலையோ தாளோ, புயல் எச்சரிக்கை வந்த அன்றே சுருட்டி இறக்கும்படி கட்டியிருக்க வேண்டும். காப்பீடு உண்டா என்பதையும் கடன் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்விக்குப் பதில் இதுதான். கடலோரச் சமவெளியில் ஆண்டு முழுக்கத் தக்காளி என்பது நஷ்டக் கணக்கு. ஆண்டு முழுக்க அறுவடை என்பது முடிகிற கணக்கு. அதற்கு ஏழெட்டுப் பயிர் மாறி மாறி வர வேண்டும், கூரையும் பருவத்துக்கு ஏற்ப மாற வேண்டும். பெரிய பாலிதீன் குடிலுக்கு விண்ணப்பிக்கும் முன், ஐந்து சென்ட்டில் நிழல்வலை கட்டி ஓராண்டு கீரையும் நாற்றும் எடுத்துப் பாருங்கள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். உள்ளே சூடு கூடுதல் என்று நோட்டு காட்டினால், அதே அமைப்பைப் பெரிதாக்கக் கடன் வாங்காதீர்கள். குறைவு என்று காட்டினால், அந்த நோட்டையும் கிணற்று நீர் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். மானியம் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.