ஊருக்குப் போய் விடுதியில் தங்கலாமா?

சென்ற வெசாக் விடுமுறையில் நாம் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் வந்தோம். குடும்பமென்பது நாமும், இல்லாளும், பிள்ளைகள் இருவருமாக நால்வர். தங்கியது இரண்டு இரவுகள். உண்டது ஏழெட்டு வேளை. இத்துணைச் சிறிய பிரயாணத்தைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். எங்கே தங்குவது, எங்கே உண்பது என்னும் இரு கேள்விகளுக்கும் தக்க விடை கண்டுவிட்டோம் என்ற பெருமிதத்தோடு புறப்பட்ட நாம், அவ்விடைகளுள் ஒன்றன் பொருட்டுக் கொழும்புத்துறையிலே ஒரு மூதாட்டியின் முன் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. அதனாலேயே எழுதுகின்றோம்.

கொழும்புத்துறை நம் தாய்வழி ஊர். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்திலே, கடனீரேரியைத் தொட்டுக்கொண்டு கிடப்பது. பெயரில் 'கொழும்பு' இருப்பதனாலே, தலைநகரில் நமக்குத் தெரிந்தவர் பலர் இது கொழும்பிலுள்ள துறைமுகம் என்றே எண்ணிக்கொள்வர். முன்னாளில் இத்துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பூநகரிக்கு வள்ளங்கள் போய் வந்தன. யோகர் சுவாமிகள் நெடுங்காலம் ஒரு சிறு குடிலில் வாழ்ந்த ஊர் என்பதாற் சைவமக்கள் பலரும் இதன் பெயரை அறிவர். நம் தாயாரின் வீடு யுத்தத்திலே சிதைந்து போயிற்று; காணியும் பின்பு கைமாறிவிட்டது. இன்று அங்கே நமக்கென்று எஞ்சியிருப்பவர் பெரியம்மா ஒருவரே. வயது எழுபத்தொன்பது. பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளில் இருக்கின்றார்கள். ஓட்டுவீடு ஒன்றில், ஓர் அறையும் விறாந்தையும் குசினியுமாக, தனியே இருந்து வருகிறார்.

அவர் வீட்டில் நால்வர் போய் இறங்குவது முறையா என்று புறப்படுமுன் வெள்ளவத்தையில் இரண்டு இரவுகள் விவாதித்தோம். பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கிணற்றில் நீர் அள்ளுவதே சிரமம். நாம் போனால் அவர் அடுப்படியை விட்டு அகலமாட்டார். ஆகவே நகரிலே விடுதியில் தங்கி, பகலில் அவரைப் போய்ப் பார்த்து வருவதென்று முடிவாயிற்று. முடிவைச் சொன்னவர் இல்லாள். அதனை உடனே ஆமோதித்தவர் நாம். குளிரூட்டி உள்ள அறை என்ற ஆசையும் நம் ஆமோதிப்பிலே கலந்திருந்தது என்பதை இங்கே மறைப்பானேன்!

யாழ்ப்பாணத்தில் விடுதிக்கு இன்று பஞ்சமில்லை. 2009 இல் யுத்தம் முடிந்து கண்டி வீதியிற் போக்குவரத்துப் பெருகிய நாள் முதலாகத் தென்னிலங்கையிலிருந்து சனங்கள் திரள் திரளாக வரத் தொடங்கினர். 2014 ஒக்டோபரிலே புகைவண்டியும் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடிற்று. 2019 இல் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. வந்தவர்களுக்கேற்ப விடுதிகளும் எழுந்தன. நமக்குத் தெரிந்த அளவிற் சொன்னால், முதன்முறை செல்வோர் இரண்டு இடங்களை எண்ணிப் பார்க்கலாம். பஸ் நிலையத்தை அண்டிய பகுதி ஒன்று. நல்லூர்ப் பகுதி மற்றொன்று. முன்னதில் எல்லாம் காலடியில் இருக்கும். ஆனால் விடியற்காலை ஹோர்ன் சத்தமும் காலடியிலேயே இருக்கும். பின்னது அமைதியானது, கோயிற்சூழல். அங்கே அறை எடுப்போர் மச்ச மாமிசத்தை உள்ளே கொண்டுவரலாமா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுதல் நலம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். ஆடி ஆவணியில் வருவது. அந்நாட்களில் முன்னேற்பாடின்றிச் சென்று அறை தேடுபவர் தெருவிலேதான் நிற்பர். இன்னொன்று தண்ணீர். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை, பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் கீழ் ஊறும் கிணற்று நீரே கதி. கடலோரங்களில் அது உவர்க்கும். கொழும்புக் குழாய் நீரிற் பழகிய பிள்ளைகளின் வயிற்றுக்கு முதல் நாள் ஒத்துக்கொள்ளாமற் போகலாம். குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று விடுதியில் கேட்பது அநாகரிகமன்று.

நாம் எடுத்த விடுதியின் பெயர் வேண்டாம். அறை சுத்தம், மெத்தை மிருது, குளிரூட்டி குளிர்ந்தது. காலைப்போசனம் வாடகையுள் அடக்கம் என்றார்கள். இரவு முழுதும் பஸ்ஸில் வந்த களைப்பில், புட்டும் சம்பலும் வருமென்று காத்திருந்தோம். வெட்டிய பாணும், ஜாமும், ஓர் அவித்த முட்டையும் வந்தன. "புட்டு இல்லையா?" என்று கேட்டோம். பரிமாறிய இளைஞர் மிக மரியாதையாக, "கொழும்பாக்கள் இதைத்தான் விரும்புவினம் எண்டு..." என்று இழுத்தார். நாம் கொழும்பாக்களாகி விட்டோம் என்பதை முதன்முதலில் நமக்கு அறிவித்தவர் அவரே.

மத்தியானத்துக்கு அந்த மனக்குறை தீர்ந்தது. பெரியகடையிலுள்ள மலாயன் கபே பழைய காலத்துச் சைவக்கடை. சலவைக்கல் பதித்த மேசைகளும், மரமும் கண்ணாடியுமான அலுமாரிகளும், வாழையிலைச் சாப்பாடும் அதன் அடையாளங்கள். உண்ட இலையை நாமே எடுத்துக் கைகழுவும் இடத்திலுள்ள துவாரத்தில் இட வேண்டும். நம் இளைய மகன் இதன் பொருட்டே இன்னுமொரு முறை சாப்பிட ஆயத்தமாயிருந்தான். மாலையில் நல்லூரில் வழிபட்டபின் ரியோவில் ஐஸ்கிறீம். அங்கே உள்ள கூட்டத்தைப் பார்த்தால் கோயிலுக்கு வந்தவர் யார், ஐஸ்கிறீமுக்கு வந்தவர் யார் என்று பிரித்தறிதல் அரிது. தேநீர்க்கடைகளிலே 'மிதிவெடி' என்று ஒரு பெரிய ரோல்ஸ் விற்கிறார்கள். முட்டையும் இறைச்சியும் உள்ளே பொதிந்தது. கண்ணிவெடியின் பெயரைச் சிற்றுண்டிக்கு வைத்து அதனைச் சிரித்துக்கொண்டே கடித்து உண்ணும் மக்களை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

மறுநாட் காலை ஓட்டோ பிடித்துக் கொழும்புத்துறைக்குப் போனோம். கையில் அப்பிளும் பிஸ்கற்றும். பெரியம்மா படலையடியிலேயே நின்றார். பிள்ளைகளைக் கட்டிக் கொஞ்சினார். பின்பு ஓட்டோவின் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெட்டியள் எங்கை, தம்பி?"

"லொட்ஜிலை இருக்குது, பெரியம்மா."

"எப்ப வந்தனீங்கள்?"

"நேற்று விடிய."

அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். ஏசியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இல்லாள் மெதுவாக, "உங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாதெண்டுதான், மாமி..." என்று தொடங்கினார். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, தொண்ணூற்றைஞ்சிலை மீசாலையிலை ஒரு வீட்டிலை ஆறு மாதம் இருந்தனாங்கள். அந்த மனிசியின்ரை பேர்கூட முதல் எனக்குத் தெரியாது. குசினியிலை பாதியைத் தந்தவ. கரைச்சலெண்டு ஒரு நாள் சொல்லேல்லை. எனக்கு நீங்கள் கரைச்சலோ?"

இளைய வாசகர்களுக்காக இதனை விளக்குதல் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, யாழ்ப்பாண நகரத்தையும் வலிகாமத்தையும் விட்டு எல்லோரும் வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தெருவுக்கு வந்தனர். தென்மராட்சிக்குப் போகும் வழியில் நாவற்குழிப் பாலத்தை நெருங்கவே மணிக்கணக்காயிற்று. பெரியம்மாவும் காலஞ்சென்ற பெரியப்பாவும் ஒரு சைக்கிளும் இரண்டு உரப்பைகளுமாக அச்சனத்துக்குள் நின்றவர்கள். தென்மராட்சியில் விடுதியேது? பாடசாலைகளும் கோயில்களும் நிறைந்தபின் வீட்டுக்காரர் படலையைத் திறந்துவிட்டார்கள். முன்பின் அறியாதவர்கள் விறாந்தையிற் படுத்தார்கள், மாட்டுக்கொட்டிலிற் படுத்தார்கள், ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் முறைவைத்து அள்ளின. 1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள்ளாகப் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். அந்த ஆறு மாதத்தின் கணக்கைப் பெரியம்மா இன்னும் மனத்திலே வைத்திருக்கிறார். அவருடைய அகராதியில், தங்க இடங்கொடுத்தல் என்பது வசதி உள்ளவர் செய்யும் உபகாரமன்று. வந்தவர் நிற்கும்போது செய்யப்படுவது, அவ்வளவே.

யாழ்ப்பாணத்துத் தெருக்களின் பெயரைக் கேட்டாலே இது விளங்கும். கந்தர்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் என்பனவெல்லாம் நமக்கு இன்று வெறும் பஸ் தரிப்பிடங்கள். மடமென்றால் வழிப்போக்கன் இளைப்பாறக் கட்டிவிட்ட திண்ணையும் கூரையும். அதன் அருகே கிணறு. தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி. மாடு முதுகுரோஞ்ச ஆவுரோஞ்சிக்கல். பருத்தித்துறையிலே தெருவின் மேலேயே கூரை வேய்ந்து நிற்கும் தெருமூடிமடத்தை இப்போதும் காணலாம். அங்கே வாடகைச் சீட்டு எழுதுவாரில்லை. இப்பொழுது வீட்டறையை வாடகைக்கு விட்டு, 'ஹோம் ஸ்டே' என்று பலகை தொங்கவிடுகிறார்கள். குற்றமொன்றுமில்லை, தனித்திருக்கும் முதியோர் சிலருக்கு அதுவே சீவனோபாயம். ஆயினும் பெரியம்மாவிடம் இச்சொல்லை விளக்கிச் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

அன்று மாலையே பெட்டிகளை எடுத்து வந்தோம். இரண்டாம் இரவுக்கான பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்று விடுதியில் நயமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயமே. அறையைப் பிடித்து வைத்தவர் நாம். பெரியம்மா மட்டும் அதனைக் கேட்டுத் துடித்துப்போனார். "படுக்காத பாய்க்கும் காசோ? என்னாலை வந்த நட்டம்" என்று இரவு முழுதும் அதே பேச்சு.

விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம். குளிரூட்டிக்குப் பதிலாகப் பரவைக்கடற் காற்று, அதனோடு நுளம்பும். மூத்தவள் ஒரு மணிவரை சொறிந்துகொண்டிருந்தாள். நாலு மணிக்குக் குசினியில் விளக்கு எரிந்தது. நாம் எதற்கு அஞ்சினோமோ அதுவே நடந்தது. பெரியம்மா ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி மறுகையால் மாக் குழைத்துக்கொண்டிருந்தார். இல்லாள் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தார். நம்மைக் கடகம் ஒன்றைத் தந்து பாசையூர்ச் சந்தைக்கு அனுப்பினார்கள். அங்கே கூறியவன் விலைக்கு மீன் வாங்கி வந்ததற்குப் பெரியம்மாவிடம் வாங்கிய ஏச்சு, முதல்நாள் கிடைக்காத ஏச்சுக்கெல்லாம் வட்டியும் முதலுமாக இருந்தது. அதன்பின் மூச்சு இலகுவாக வந்தது.

அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சம்பல், கதலிப்பழம். மத்தியானம் இறாலும் முருங்கைக்காயும், திரளி மீன் சொதியும். கடைகளைப் பற்றி மேலே எழுதியதை நாம் வாபஸ் பெறவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மட்டும் எவரும் கேட்கவேண்டாம்.

இவ்வளவும் எழுதியபின், விடுதியில் தங்கலாமா கூடாதா என்று நம்மைக் கேட்டால், உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மதியத்துக்குப்பின் பெரியம்மா கட்டிலிற் சாய்ந்தவர், பொழுது படும்வரை எழவில்லை. கால் வீங்கியிருந்தது. நமக்கு மெத்தென்ற இடம் வேண்டுமென்று விடுதிக்குப் போனதும் பிழை. அவர் மனங்குளிர வேண்டுமென்று அவரை நாலு மணிக்கு எழுப்பியதும் பிழையாகவே பட்டது. அடுத்த முறை செய்ய எண்ணியிருப்பது இது. வருவதை முன்னரே அவருக்கு அறிவிப்பது. நேரே அங்கே போய் இறங்குவது. நுளம்புவலையும் மளிகைச் சாமானும் நாமே கொண்டுபோவது. காலையில் சைவக்கடையில் இடியப்பம் கட்டிவந்து அவரை உட்காரவைத்துப் பரிமாறுவது. கடைசியதற்கு அவர் உடன்படுவாரா என்பது சந்தேகம்.

ஞாயிறு இரவு பஸ் முறிகண்டியில் நின்றது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குள்ளேயே பெரியம்மா தந்த பொதியை அவிழ்த்தோம். வாட்டிய வாழையிலையில் புட்டும் முட்டைப்பொரியலும், நான்கு பங்காக, இளையவனுக்கு உறைப்பில்லாமல் வேறாக.

மறுநாட் காலை வீடு வந்து சேர்ந்ததை அறிவிக்கத் தொலைபேசியில் அழைத்தோம். கால் எப்படியென்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

"அந்த லொட்ஜ்காரன் ஒரு நாட்காசைத் திருப்பித் தந்தவனோ, தம்பி?"

"தந்திட்டான், பெரியம்மா" என்றோம்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.